காட்டில் ஓர் இரவு: முகாம் இடத்தைத் தேர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் அதை அடுத்த கிழக்கு மலைகளிலும் ஓரிரு இரவு கூடாரத்திலோ வன விடுதியிலோ தங்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. “எந்த இடம் அழகு?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. அந்த நிலம் யாருடையது, நாம் போகும் மாதத்தில் அங்கே மழையும் தீயும் விலங்கும் எப்படி இருக்கும் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், மிஞ்சும் இடங்களில் அழகானதைத் தேடுவது சுலபம்.

தமிழ்நாட்டுக் காடுகளில் நாமே கூடாரம் அடித்துத் தங்கலாமா?

கூடாது. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என எதுவாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். சரணாலயங்களுக்குள் யார் போகலாம், எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27, 28-ஆம் பிரிவுகளில் சொல்கிறது. காப்புக்காடுகளுக்கு 1882-இலிருந்தே தமிழ்நாடு வனச் சட்டம் இருக்கிறது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 நடைபாதைகள் முறைப்படி திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்தால், அந்தப் பகுதி மக்களிலிருந்தே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள். ஆனால் அவை பகல் நடைகள். காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். அதனால் இரவுத் தங்கலுக்குத் தனியாக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

அப்படியானால் காட்டுக்குள் சட்டப்படி இரவு தங்க எங்கே போவது?

தமிழ்நாட்டுக்குள் பெரும்பாலும் வன ஓய்வு விடுதிகள்தான். ஆனைமலையில் டாப்சிலிப், முதுமலையில் தெப்பக்காடு, களக்காடு முண்டந்துறையில் முண்டந்துறை ஆகிய இடங்களில் வனத்துறையின் அறைகள் உண்டு. கூடாரம் இல்லையே என்று தள்ளிவிட வேண்டாம். மான் கூட்டம் மேயும் புல்வெளி ஓரத்தில், சுவரும் கூரையும் உள்ள அறையில் தூங்குவது காட்டு இரவுக்கு ஒரு குறையும் வைக்காது.

கூடாரத்தில்தான் தங்க வேண்டும் என்றால் பக்கத்து மாநிலங்களில் நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலில் பரம்பிக்குளத்தைத்தான் சொல்வோம். கேரளாவின் புலிகள் காப்பகம் அது. ஆனால் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள்ளிருந்துதான் போகிறது. அதனால் இரு மாநிலச் சோதனைச்சாவடிகளிலும் நின்று, இரண்டிலும் நுழைவுக்கட்டணம் செலுத்த வேண்டும். இருசக்கர வாகனங்களை விடுவதில்லை. ஆனப்பாடியில் நிரந்தர மேடையில் அமைத்த கூடாரங்கள், மர வீடுகள், அணை நீர்த்தேக்கத்தின் நடுவே வீட்டிக்குன்னு என்னும் தீவில் ஒரு தங்குமிடம் என்று பல வகை உண்டு. எல்லாவற்றையும் காப்பகமே நடத்துகிறது. முன்பதிவு இல்லாமல் போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

தேக்கடியில் பெரியார் புலிகள் காப்பகம் நடத்தும் ‘டைகர் ட்ரெயில்’ நடையில் காட்டின் நடுவே கூடாரத்தில் ஓரிரவோ இரண்டிரவோ தங்கலாம். ஒரு காலத்தில் அதே காட்டில் வேட்டையாடியவர்களும் பட்டை உரித்தவர்களும்தான் இன்று அங்கே வழிகாட்டிகள். தடம் பார்த்து அவர்கள் சொல்லும் தகவலுக்கு எந்தப் புத்தகமும் ஈடாகாது. ஆயுதம் ஏந்திய வனக்காவலர் கூடவே வருவார். குழு மிகச் சிறியது என்பதால் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும்.

மூணாறு பக்கம் மீசப்புலிமலை (2,640 மீட்டர்) அடிவார முகாமைக் கேரள வன மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. கர்நாடகத்தில் அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ், பிலிகிரிரங்கன் மலையில் கே. குடி, காவிரிக் கரையில் கலிபோரே ஆகிய இடங்களில் கூடார முகாம்கள் வைத்திருக்கிறது. நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு அகத்தியர்கூடம் (1,868 மீட்டர்) இருக்கிறது. கேரளப் பக்கத்திலிருந்து ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும் அனுமதி தருகிறார்கள். அதிருமலை அடிவார முகாமில் தங்கி ஏற வேண்டும்.

தனியார் முகாம்கள் நிறைய விளம்பரம் செய்கிறார்களே, எதை நம்புவது?

பட்டா நிலத்தில், உரிய உரிமத்துடன், கழிப்பறையும் காவலும் வைத்து நடத்துபவர்கள் இருக்கிறார்கள். வருவாய் நிலத்திலோ காப்புக்காட்டின் விளிம்பிலோ நாலு கூடாரத்தைப் போட்டுக் காசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை இவை:

- நிலத்தின் சர்வே எண்ணும் கிராமத்தின் பெயரும். பட்டா நிலம்தானா என்று அரசின் இணையச் சேவையில் நீங்களே பார்க்கலாம். சொல்லத் தயங்கினால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.
- உள்ளாட்சி உரிமம் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும்?
- வன எல்லை எத்தனை மீட்டரில்? சூரிய மின்வேலியோ அகழியோ உண்டா? இரவில் அதைச் சரிபார்ப்பவர் யார்?
- யானை வந்தால் எல்லோரும் ஓடி நுழைய ஒரு கான்கிரீட் கட்டடம் உண்டா? கூடாரத்திலிருந்து எத்தனை அடி?
- கழிவறை எங்கே? இருட்டில் புதர் வழியே போக வேண்டுமா?
- இரவு முழுவதும் விழித்திருக்கும் காவலர் எத்தனை பேர்?

பிறகு செயற்கைக்கோள் வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். மூன்று பக்கமும் அடர்காடு, நடுவில் சிறு வெட்டவெளி, பக்கத்தில் நீர்நிலை என்று தெரிந்தால், விலங்குகளும் அந்த வெட்டவெளி வழியேதான் நடமாடும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே தனியார் தங்குமிடம் ஒன்றின் கூடாரத்தில் தங்கிய பெண் யானை தாக்கி உயிரிழந்தார். வன எல்லையையொட்டிய கூடார முகாம்கள் மேல் கெடுபிடி கூடியது அதன் பிறகுதான். பதிவு ரத்தாகிப் பணம் போவது மட்டும் இங்கே இழப்பு இல்லை.

எந்த மாதம் போகலாம்?

ஒரே மலைத்தொடருக்கு இரண்டு பருவமழை. மேற்குச் சரிவில் (வயநாடு, மூணாறு, பெரியார், வால்பாறை) ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிழக்குச் சரிவிலும் தமிழ்நாட்டின் உள்மலைகளிலும் அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை வடகிழக்கு மழை. சின்னாறு, மறையூர் பகுதி மழைமறைவில் இருப்பதால், மூணாறில் அடைமழை பெய்யும் நாளிலும் அங்கே வெயில் அடிக்கலாம். இந்த ஒரு தகவலை வைத்தே ஜூலை மாதத் திட்டத்தைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் காற்றையும் கணக்கில் எடுங்கள். பாலக்காடு, ஆரியங்காவு, ஆரல்வாய்மொழி ஆகிய மூன்று கணவாய்கள் வழியாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் காற்று சாதாரணக் கூடாரத்தின் கம்புகளை வளைத்துவிடும். காற்றாலைகள் நிற்கும் இடத்தில் கூடாரம் போடக்கூடாது என்று நினைவில் வைத்தால் போதும்.

டிசம்பர் பிற்பாதி, ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி: வானம் தெளிவு, அருவிகளில் இன்னும் நீர், காடு பச்சை, அட்டை குறைவு. முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. பொங்கல் விடுமுறையைத் தவிர்த்தால் கூட்டமும் குறையும்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீப்பருவம். புல் காய்ந்து இடுப்புயரம் நிற்கும். நடைபாதைகளை வனத்துறை மூடிவிடும். இரவிகுளம் தேசியப் பூங்காவையும் வரையாடு குட்டி ஈனும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் மூடுவார்கள். சரிவில் தீ கீழிருந்து மேலாகத்தான் வேகமாக ஓடும். மேலே நிற்பவருக்கு ஓட நேரம் இருக்காது. எனவே அந்த மாதங்களில் புல்மலைச் சரிவில் யார் தங்க வைக்கிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும் கோடை மழைக் காலம். காலை அருமையாக இருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி மின்னல் எதிர்பார்க்கலாம்.

நல்ல காட்சி கிடைக்க இடத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

காட்சிமுனையிலேயே கூடாரம் போட்டால்தான் காட்சி என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். முகட்டில் காற்று கூடுதல், குளிர் கூடுதல், மின்னல் ஆபத்து வேறு. நீரும் கிடைக்காது. முகட்டிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில், மரங்களும் மேடும் காற்றைத் தடுக்கும் இடத்தில் தங்கி, விடியலில் எழுந்து நடந்து போய்ப் பார்ப்பதுதான் சரி.

அடுத்து, திசை. சூரிய உதயம் வேண்டுமென்றால் கிழக்கில் தாழ்வான சமவெளி திறந்திருக்க வேண்டும். கொழுக்குமலை, மேகமலை, கொடைக்கானலின் கிழக்கு விளிம்பு ஆகியவை பெயர் பெற்றது இதனால்தான். அங்கே கீழே மேகம் பஞ்சுமெத்தையாகக் கிடக்க, அதன் மேல் சூரியன் வருவதைக் காணலாம். ஆனால் கிழக்குச் சரிவில் மாலை ஐந்து மணிக்கே நிழல் விழுந்து குளிர் ஏறிவிடும். சூரிய அஸ்தமனம் விரும்புபவர்கள் மேற்கே நீர்த்தேக்கம் உள்ள இடத்தைத் தேடுங்கள்.

மூன்றாவது, மூடுபனி. மேற்குச் சரிவில் பத்து, பதினொரு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று ஏறி மலையை மூடும். “போனோம், ஒன்றுமே தெரியவில்லை” என்பவர்களில் பாதிப்பேர் மதியம் போனவர்கள். பார்க்க வேண்டியதைக் காலை ஒன்பதுக்குள் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, காட்டின் வகை. அடர்ந்த மழைக்காட்டுக்குள் தங்கினால் இருபதடிக்கு மேல் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அங்கே இன்பம் காதுக்குத்தான். விலங்கு பார்க்க ஆசை என்றால் முதுமலை, டாப்சிலிப், சின்னாறு போன்ற இலையுதிர் காடுகளும் புல்வெளி ஓரங்களும் நல்லது. மலைவரிசையைப் பார்க்க ஆசை என்றால் 1,800 மீட்டருக்கு மேல் சோலையும் புல்வெளியும் மாறி மாறி வரும் பகுதி. இந்த மூன்றில் எது வேண்டும் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொண்டு இடம் தேடுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்காது.

நட்சத்திரம் பார்க்க நல்ல இடம் எது?

ஜவ்வாது மலை. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு அங்கே கிடைத்த இருண்ட வானமும் ஒரு காரணம். கொல்லிமலையும் நல்லது, 70 கொண்டை ஊசி வளைவுகளை மட்டும் பகலில் ஏறிவிடுங்கள். இரண்டிலும் மலைக்கிராமங்களில் தங்கலாம்.

அமாவாசைக்கு முன்னும் பின்னும் மூன்று நாள் சரியாக இருக்கும். பௌர்ணமியில் காடு அழகுதான், ஆனால் பால்வீதி தெரியாது. ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் தென்வானில் தாழ்வாகப் பளிச்சென்று நிற்பது அகத்தியர் விண்மீன். மார்ச் முதல் மே வரை விடிவதற்கு முன் எழுந்தால் பால்வீதியின் அடர்ந்த நடுப்பகுதி கிடைக்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நீலக்குறிஞ்சி எப்போது?

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் இனம் மூணாறு, கொடைக்கானல் மலைகளில் 2006-லும் 2018-லும் பெருமளவில் பூத்தது. அடுத்தது 2030, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. இடையில் “குறிஞ்சி பூத்திருக்கிறது” என்று வரும் படங்கள் பெரும்பாலும் வேறு குறிஞ்சி இனங்கள் அல்லது வேறு மலைகளின் சிறு கூட்டங்கள்.

எவ்வளவு குளிரும்? என்ன எடுத்துப்போவது?

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். பொள்ளாச்சியில் இரவு 22 டிகிரி என்றால் 2,000 மீட்டர் உயரத்தில் 11 டிகிரி அளவில் இருக்கும். காற்றடித்தால் உடலுக்கு இன்னும் குறைவாகப் படும். இந்தக் கணக்கு பள்ளத்தாக்கின் அடியில் பொய்த்துப்போகும். குளிர்ந்த காற்று கனமானது. அசைவற்ற இரவில் சரிவிலிருந்து வழிந்து அடியில் தேங்கும். உதகையில் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் உறைபனி வெள்ளையாகப் படிவது அதனால்தான். இருபது முப்பது மீட்டர் மேலே சரிவில் தங்கினாலே வித்தியாசம் தெரியும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது இரண்டு மூன்று வெப்பநிலை எண்கள் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பதைப் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தாங்கும் எல்லை, தூக்கம் வரும் எல்லை இல்லை. 2,000 மீட்டருக்கு மேல் டிசம்பர், ஜனவரிக்கு 5 டிகிரி கம்ஃபர்ட் உள்ளது வேண்டும்; 1,000 மீட்டர் அளவில் 12 முதல் 15 டிகிரி போதும். நல்ல பை வாங்கிவிட்டு நடுங்குபவர்கள் பெரும்பாலும் பாயைக் கோட்டைவிட்டவர்கள். உடல் எடையில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால் தரைக்குளிர் நேரே ஏறும். ஃபோம் பாய் கட்டாயம்.

காலையில் கூடாரத்தின் உட்புறம் நனைந்திருந்தால் ஒழுகுகிறது என்று நினைக்க வேண்டாம். அது மூச்சின் ஈரம். மேலே உள்ள காற்றுத் துளையை அடைக்காதீர்கள்.

கூடாரத்தை எந்த இடத்தில் போடுவது?

அனுமதி உள்ள முகாமிலும் எந்த மூலையில் என்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம்தான். முதலில் தலைக்கு மேலே பாருங்கள். காய்ந்த கிளை, சாய்ந்த மரம், தைல மரம் இருந்தால் நகருங்கள். தைல மரம் காற்றில்லாத நாளிலும் கிளையை உதிர்க்கும். பிறகு தரையைப் பாருங்கள். புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சருகும் சுள்ளியும் கோடாக ஒதுங்கியிருந்தால் அது மழைநீர் ஓடும் தடம். ஓடையின் மணல் திட்டு படுக்க மெத்தென்று இருக்கும், ஆனால் அங்கே படுக்கவே கூடாது. மேலே பத்துக் கிலோமீட்டரில் பெய்யும் மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே காட்டாறாக வந்துவிடும். ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளியும், ஆள் உயரத்துக்கு மேலான மேட்டிலும் இருங்கள்.

லேசான சரிவு நல்லது, தலை மேட்டுப்பக்கம். வாசல் காற்று வரும் திசைக்கு மறுபக்கத்தில். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக நீட்டிக்கொண்டிருந்தால் வெளிக்கூரையில் வழியும் நீரை ஏந்திக் கூடாரத்துக்கு அடியில் கொண்டுவந்துவிடும். மழையில் “கூடாரம் தரமில்லை” என்று சொல்லப்படுபவற்றில் பல இந்தத் தவறுதான். முளைகளை உட்புறம் சாய்த்து அடிக்காமல், கயிறு இழுக்கும் திசைக்கு எதிராக 45 டிகிரி சாய்த்து அடியுங்கள். கூடுதலாக ஆறு முளையும் பத்து மீட்டர் நைலான் கயிறும் பையில் இருக்கட்டும்.

யானை வரும் இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மரப்பட்டையில் ஏழெட்டு அடி உயரத்தில் காய்ந்த சேறு தேய்ந்திருக்கும். மூங்கில் ஒடிந்து கிடக்கும். ஈரம் காயாத சாணம் அன்றைய நடமாட்டத்தைச் சொல்லும். நன்கு தேய்ந்த அகலமான பாதை மேட்டில் வளைந்து வளைந்து சீராக ஏறினால் அது யானைத்தடம். மனிதப் பாதையென்று நம்பி அதில் கூடாரம் போட்டுவிடுவார்கள். பலா பழுக்கும் காலத்தில் குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு, கோத்தகிரி பாதையின் குஞ்சப்பனை போன்ற இடங்களில் யானைகள் நிச்சயம். பலா மரம் உள்ள முகாம் என்றால் மே முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம்.

உப்பு, வெல்லம், அரிசி, வாழைப்பழம் எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள். காரிலும் வேண்டாம், வாசனைக்குக் கண்ணாடியை உடைக்கும். முகாமின் சமையலறையில் ஒப்படைத்துவிடுங்கள். வந்துவிட்டால் டார்ச்சைக் கண்ணில் அடிப்பது, கத்துவது, படம் எடுப்பது எதுவும் கூடாது. பேசாமல் கட்டடத்துக்குள் போய்க் காவலரிடம் விடுங்கள்.

தீ மூட்டிக் குளிர் காயலாமா?

காட்டுக்குள் கூடாது. சரணாலயத்துக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதையும் எரியவிட்டுப் போவதையும் வனவிலங்குச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடுக்கிறது. பட்டா நில முகாமில் கல்மேடை இருந்தால் அவர்கள் மூட்டட்டும். அணைக்கும்போது நீர் ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துப் பார்த்துச் சூடில்லை என்றால்தான் அணைந்தது. மண்ணைப் போட்டு மூடினால் உள்ளே வேர் வழியாகக் கனன்று மறுநாள் வெளியே வரும். கேஸ் அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். கணப்புச் சட்டிக்கும் இதே விதி.

அட்டை, உண்ணி, பாம்பு?

அட்டை தொல்லைதான், நோய் பரப்புவது இல்லை. ஜூன் முதல் நவம்பர் வரை முழங்கால் வரையிலான நெருக்கமான நெசவுள்ள அட்டைக் காலுறை போட்டுக்கொண்டால் தீர்ந்தது. கடித்துவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கத்தைத் தள்ளி எடுத்து, கழுவி, அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும்.

உண்மையில் கவனம் வேண்டியது உண்ணியும் அதைவிடச் சிறிய ஒட்டுண்ணிப் பூச்சியும். மாடு மேயும் புல்வெளியிலும் புதர் ஓரத்திலும் அதிகம். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகுங்கள், தரையில் நேராக உட்காராதீர்கள், இரவு அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் பாருங்கள். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் “காட்டுக்குப் போயிருந்தேன்” என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்தச் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் எளிய மருந்தில் குணமாகும், ஆனால் சொல்லாமல் விட்டால் நாள் கடந்து உறுப்புகளைப் பாதிக்கும். சிகரெட் சுட்டதுபோல ஒரு கரும்புண் எங்காவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தின் சிவமொக்காவில் 1957-இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியால் பரவுவது. டிசம்பர் முதல் மே வரை அதன் காலம். குரங்கு செத்துக் கிடந்ததாகக் கேள்விப்பட்டால் அந்தக் காட்டைத் தவிருங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது மூன்றும் வேண்டாம். கடித்த உறுப்பை அசையாமல் தட்டையான குச்சியோடு தளர்வாகக் கட்டி, மோதிரம், கொலுசைக் கழற்றி, நேரத்தைக் குறித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனை எது, எவ்வளவு நேரம் என்பதைப் புறப்படும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் என்றால் குழந்தைகளோடு அந்த இடம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

குடிக்க, சமைக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 5 லிட்டர். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதித்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். குளோரின் மாத்திரை என்றால் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். நீலகிரி, கொடைக்கானலில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. எவர்சில்வர் குடுவை கொண்டுபோங்கள்.

வெள்ளியங்கிரி, சதுரகிரி போன்ற கோயில் மலைகளில் இரவு தங்கலாமா?

நம் மக்கள் காட்டில் தங்கிப் பழகியது இந்த மலைகளில்தான். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் தாமிரபரணிக் கரையில் குடில் போட்டுத் தங்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஆனால் அந்த அனுமதி திருவிழா நாட்களுக்கு மட்டும். சதுரகிரியில் 2015-இல் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். இரவு தங்க இப்போது விடுவதில்லை. வெள்ளியங்கிரியில் ஏழாம் மலை வரை போகும் வழி பிப்ரவரி முதல் மே வரைதான் திறந்திருக்கும். இவற்றை யாத்திரையாகத் திட்டமிடுங்கள், முகாமாக அல்ல.

சாலையில் எதைக் கவனிக்க வேண்டும்?

பந்திப்பூர் வழியாகச் செல்லும் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் தேவை. சில காலங்களில் நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைப்பதும் உண்டு. அதனால் தங்குமிடம் உறுதியான அன்றே இ-பாஸும் எடுத்துவிடுங்கள். பொதுவாக எந்தச் சோதனைச்சாவடிக்கும் மாலை 4 மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட ஒரு மணி நேரம் வேண்டும்.

முதல்முறை, குழந்தைகளும் வருகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

ஏலகிரி, சிறுமலை, ஏற்காடு போன்ற இடத்தில் உரிமம் உள்ள ஒரு தங்குமிடத்தில் ஓரிரவு. அதற்கும் முன்பு வீட்டு மொட்டைமாடியில் கூடாரத்தை ஒருமுறை போட்டுப் படுத்துப் பாருங்கள். குறைந்த கம்பு, கிழிந்த ஜிப் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

புறப்படும் நாளில் மழை எச்சரிக்கை வந்தால்?

வானிலை ஆய்வு மையம் அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் போக வேண்டாம். மஞ்சள் என்றால் வனச்சரக அலுவலகத்துக்கோ முகாமுக்கோ பேசி, வழியிலுள்ள ஓடைப்பாலங்கள் எப்படி இருக்கின்றன, முந்தைய இரவு எவ்வளவு பெய்தது என்று கேளுங்கள். வனத்துறையே மூடிவிட்டால் தேதியை மாற்றித் தருவார்களா, பணம் திரும்புமா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிவைத்தால், அன்று காலை பணத்துக்காகத் தயங்கிக்கொண்டு மலையேற வேண்டியிருக்காது.